ஓடிஜியில் பிரெஞ்ச் பிரெட்: மூன்று முறை சொதப்பிவிட்டேன், பன்னிரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள்

உறையூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இதுவே இரண்டாவது தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனார் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர், அவர்கள் தெருவில் சொல்தா (பட்டாளத்துக்காரர்) வீடு என்றால் யாரும் கைகாட்டுவார்கள். இப்போது எங்களோடு திருச்சியில் இருக்கிறார். அடுத்த வாரம் போய் அதற்கு அடுத்த ஞாயிறு அவருக்கு 75 முடிகிறது. நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், எங்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பேர். என்ன சமைக்கட்டும் மாமா என்று கேட்டால் பிரியாணி வேண்டாமாம், கேக்கும் வேண்டாமாம். குழம்பாக ஒரு மட்டன், அதில் முக்கிச் சாப்பிட நல்ல பிரெஞ்ச் பிரெட், அவ்வளவுதானாம். "கடிச்சா சட்டை முழுக்க உதிரணும், உள்ளே ஓட்டை ஓட்டையா இருக்கணும்" என்று கையால் வேறு காட்டினார். இந்த எட்டு வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான், அதனால் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, மேடையில் வைக்கிற சின்ன மின்சார அவன்தான், 250 டிகிரி வரை போகும். அரை கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் உப்பு. பதினைந்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணி போட்டு மேடையிலேயே இரண்டு மணி நேரம் வைத்தேன், வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் தடவை வந்தது வெள்ளைக் கட்டை. நிறமே ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நாற்பது நிமிடம் வைத்ததில் வெளியே மரம் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே பன். இரண்டாவது தடவை ஆவி வேண்டும் என்று யாரோ சொன்னதால் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன், கண்ணாடி முழுக்க வேர்த்ததுதான் மிச்சம், அடி கருகி மேலே வெளுத்துக் கிடந்தது. மூன்றாவது தடவை சர்க்கரையைக் கூட்டி இன்னும் அரை மணி நேரம் அதிகமாகப் பொங்கவிட்டேன். பிளேடால் கீறியதும் காற்றுப் போன டியூப் மாதிரி அப்படியே படுத்துவிட்டது. கள்ளுக்கடை வாசனை வேறு. வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கே தப்பு செய்கிறேன்? ஓடிஜியில் இது நடக்கிற காரியம்தானா?

பன்பட்டர்ஜாம்:

தண்ணீருக்குப் பதில் வெதுவெதுப்பான பால் ஊற்றுங்கள், ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் வெண்ணெய், ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். மேலே முட்டை தடவினால் நிறம் சூப்பராக வரும். நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன், தோல்வியே கிடையாது.

சும்மா_ஒருத்தன்:

பன்னிரண்டு பேருக்கு வாங்கினாலும் ஐந்நூறு ரூபாய் வராது. கடையில் வாங்கிச் சூடுபண்ணிக் கொடுத்துவிட்டு நானே செய்தேன் மாமா என்று சொல்லிவிடுங்கள்.

உறையூர் மருமகள்:

@சும்மா_ஒருத்தன், இங்கே இரண்டு கடையில் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. பெயர் பிரெஞ்ச் லோஃப், அழுத்தினால் தலையணை. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னார். அந்த "தான்" எனக்குப் புரியும்.

முத்தியால்பேட்டை:

தங்கச்சி, நானும் புதுச்சேரிதான். மாமனார் எந்த ரொட்டியைக் கேட்கிறார் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இரண்டு நினைவு உண்டு. ஒன்று சின்ன வயதில் விறகடுப்பு பேக்கரியில் வாங்கிய ரொட்டி, நம் மைதாவில் செய்தது, மேலே மொறுமொறுப்பு இருக்கும், ஆனால் உள்ளே நெருக்கமாக, மிருதுவாகத்தான் இருக்கும். எங்கள் பாட்டி அதைக் காலையில் காபியில் முக்கித் தின்றுவிட்டுத்தான் குசினிக்குள் நுழைவார். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தாயிற்று, அதற்கப்புறமும் அந்தப் பழக்கம் மட்டும் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. இன்னொன்று பட்டாளத்துக்குப் போய் பிரான்சிலேயே சாப்பிட்ட பகெத், கம்பு மாதிரி நீளமான ரொட்டி. ஓட்டை ஓட்டையாக, சட்டையில் உதிரணும் என்றால் அவர் கேட்பது இந்த இரண்டாவது. அதற்குப் பாலும் முட்டையும் போட்டால் இனிப்பு பன்தான் வரும். @பன்பட்டர்ஜாம் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பன் நல்ல பன்னாக இருக்கும், இவர் கேட்டது அது இல்லை.

குருமா மட்டும் தேங்காய் குறைத்து, கொஞ்சம் தண்ணியாக வையுங்கள். கெட்டிக் குருமா என்றால் ரொட்டியின் ஓட்டையில் இறங்காது, மேலேயே நிற்கும்.

பாண்காரன்93:

அக்கா வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்ப பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு புலான்ஜெரியில், அதாவது பாண் சுடுகிற பேக்கரியில், ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். இரவு ஒரு மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் காலை எட்டு மணிக்குத்தான் நிமிர்வேன். 93 என்பது நான் இருக்கிற மாவட்டத்து எண், பிறந்த வருடம் என்று நினைத்து ஒருவரும் வாழ்த்துச் சொல்ல வேண்டாம்.

உங்களுடைய மூன்று பிழையும் ஒரே பிழை. மா அளவுக்கு மிஞ்சிப் புளித்துவிட்டது.

உங்கள் குசினியில் இப்ப 33, 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் அரைக் கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், அது ஆறு கிராம் வரும், அதோடு சீனியும். நாற்பது, ஐம்பது நிமிடத்திலேயே அதன் வேலை முடிந்திருக்கும், நீங்கள் இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கிறீர்கள். மாவில் இருக்கிற சீனியை எல்லாம் ஈஸ்ட் தின்று முடித்தால் பிறகு மேற்தோல் சிவக்க அதில் ஒன்றும் மிச்சம் இராது. அதுதான் வெள்ளைக் கட்டை. கள்ளு வாசமும் அதனால்தான், ஈஸ்ட் தின்றதற்குக் கணக்கு அந்த வாசம். வலை மாதிரி இருக்க வேண்டிய மா தளர்ந்து போனதால் கீறினவுடன் படுத்தது. மூன்றாம் முறை சீனியைக் கூட்டி நேரத்தையும் கூட்டினீர்கள் பாருங்கோ, நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுத்த மாதிரி.

வீடியோவில் சொன்ன ஆள் குளிர்நாட்டுக்காரராக இருப்பார். இங்கே நாங்கள் கடிகாரத்தைப் பார்த்து மா குழைப்பதில்லை, வெப்பமானியைப் பார்த்துத்தான். குழைத்து முடிந்த மா 24, 25 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு கூட்டல் கணக்கு உண்டு. அறையின் சூடு, மாவின் சூடு, தண்ணீரின் சூடு மூன்றையும் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட எண் வர வேண்டும். மெஷின் சுற்றச் சுற்ற மா சூடேறும், அதனால் மெஷினுக்கு அந்த எண் குறைவு, கையால் குழைக்கிறவர்களுக்குச் சுமாராக 68 என்று வையுங்கோ. இங்கே பனிக்காலத்தில் அறை 20, மா 20, ஆகவே தண்ணீர் 28, வெதுவெதுப்பு. உங்களுக்கு அறை 33, மா 32, மிச்சம் 3. அதாவது ஐஸ் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரையுங்கள் என்று எல்லாக் குறிப்பும் சொல்லும், திருச்சியில் மே மாதம் அதைக் கேட்கக்கூடாது.

இல்லாவிட்டால் மைதாவை முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மா 8 டிகிரி என்றால் மிச்சம் 27, மண்பானைத் தண்ணீரே போதும்.

இனிச் செய்முறை. அரைக் கிலோ மைதா, 325 கிராம் தண்ணீர் (தராசில் நிறுத்துப் பாருங்கோ, கப் கணக்கு வேண்டாம்), 9 கிராம் உப்பு, ஒன்றரைக் கிராம் ஈஸ்ட், அது அரைத் தேக்கரண்டி. சீனி, எண்ணெய், பால் ஒன்றும் வேண்டாம். பிரான்சில் 1993இல் ஓர் அரசாணையே போட்டார்கள், பாரம்பரிய பிரெஞ்சுப் பாண் என்று சொல்லி விற்பதானால் மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்க ஈஸ்ட் அல்லது புளித்த மா அவ்வளவுதான், எந்தக் கட்டத்திலும் உறையவைக்கவும் கூடாது. கடையில் இதைத்தான் த்ரதிசியோன் என்று கேட்டு வாங்குவார்கள், சாதாரண பகெத்தைவிட விலை கூட.

முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, பிசையாமல், அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். இங்கே அதை ஓட்டோலீஸ் என்பார்கள், ரெமோன் கல்வெல் என்ற பாண் பேராசிரியர் பரப்பிய முறை. நீங்கள் பதினைந்து நிமிடம் கை வலிக்கப் பிசைகிற வேலையில் பாதியைத் தண்ணீரே செய்துவிடும். திறந்து பார்த்தால், கட்டி கட்டியாக விட்ட மா வழுவழுவென்று இழுபடும். பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருதரம், மூன்றுதரம், நாலு பக்கத்தையும் இழுத்து நடுவில் மடியுங்கள், சேலை மடிக்கிற மாதிரித்தான். கை ஒட்டினால் கையை நனையுங்கோ, மாவைத் தூவாதையுங்கோ. அப்புறம் மூடி நேரே பிரிட்ஜுக்குள், காலை வரைக்கும், ஒரு பதினைந்து பதினாறு மணித்தியாலம். மணமும் ருசியும் வருவது அந்தக் குளிரில்தான். அவசரப்பட்டால் ஈஸ்ட் வாசம் மட்டும்தான் மிஞ்சும்.

காலையில் எடுத்து நாலாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். உண்மையான பகெத் 55, 60 சென்டிமீட்டர் நீளம், உங்கள் பெட்டிக்குள் நுழையாது, 28 சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். இருபது நிமிடம் ஆறவிட்டு, நீளமாக உருட்டி, மாத் தூவின துணியில் வையுங்கள். இங்கே தடித்த லினன் துணி. உங்கள் வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. அரிசி மாவைத் தேயுங்கள், மைதா ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும், அரிசி மா ஒட்டாது. துணியை இரண்டு பாணுக்கு நடுவில் சுருக்கி ஒரு வரப்பு மாதிரித் தூக்கிவிடுங்கள், அப்பதான் பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்பும். அரை மணித்தியாலத்தில் விரலால் மெல்ல அழுத்துங்கோ. பள்ளம் ஆறுதலாகத் திரும்பி வந்தால் சரி. உடனே துள்ளி வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், வரவே இல்லையென்றால் பிந்திவிட்டது.

அடுப்பு விசயம் நாளைக்கு எழுதுகிறேன், இப்ப நித்திரை இல்லாவிட்டால் இரவு வேலைக்குப் போக முடியாது.

உறையூர் மருமகள்:

தம்பி, இதை அப்படியே தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். 68 கணக்கைப் பார்த்து என் பத்தாவது படிக்கிற மகன் வெப்பமானி வாங்க வேண்டும் என்று குதிக்கிறான். ஒரு சந்தேகம். நம் ஊர் மைதாவில் இது வருமா? அங்கே மாவே வேறு என்று சொல்கிறார்களே. கோதுமை மாவு பாதி கலந்தால் சத்தாக இருக்குமே என்று நாத்தனார் வேறு சொல்கிறாள்.

மில்லுக்காரர் மகன்:

மாவு பற்றி நான் சொல்கிறேன், பாண்காரர் தூங்கட்டும். பிரான்சில் டி55, டி65 என்று மாவுக்கு எண் போடுவார்கள். அந்த மாவை எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்பதுதான் அந்த எண், டி55 என்றால் நூறு கிராமுக்குச் சுமார் 0.55 கிராம். எண் கூடக் கூட தவிடு கூட என்று அர்த்தம். புரதத்துக்கும் அதற்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு பிரெட் மாவில் புரதம் அப்படி ஒன்றும் மலை மாதிரி இருக்காது, நம் நல்ல மைதா கிட்டத்தட்ட வந்துவிடும். பாக்கெட்டின் பின்னால் புரதம் எவ்வளவு என்று பாருங்கள், நூறு கிராமுக்குப் பத்துக்கு மேல் இருப்பதை எடுங்கள், போதும்.

சக்கி ஆட்டா பாதி போட வேண்டாம். கல்லில் அழுத்தி அரைக்கும்போது ஸ்டார்ச் மணிகள் உடைந்துவிடும். உடைந்த ஸ்டார்ச் தண்ணீரை ஏகமாக இழுக்கும், அதனால்தான் சப்பாத்தி மிருதுவாக வருகிறது, அதே காரணத்தால்தான் பிரெட் கனமாகிறது. ஆசைக்கு ஐம்பது கிராம் போடுங்கள், மணம் நன்றாக இருக்கும், நாத்தனாருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும்.

நிறத்துக்கு இன்னொரு வழி உண்டு. நம் கோதுமை நல்ல வெயிலில் காய்ந்து அறுவடையாவது, அதனால் மாவில் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கும் என்சைம் பொதுவாகக் குறைவு. ஒரு கைப்பிடி கோதுமையை முளைகட்டி, வெயிலில் காயவைத்து (வறுக்கக் கூடாது, வறுத்தால் என்சைம் செத்துவிடும்) மிக்ஸியில் பொடித்து, அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் சேருங்கள். அதற்கு மேல் போனால் உள்பக்கம் பிசுபிசுக்கும். பாண்காரர் சொன்ன அந்த 1993 ஆணையிலேயே மால்ட் மாவு, அதாவது இப்படி முளைகட்டிக் காயவைத்த தானிய மாவு, மிகச் சிறிய அளவில் அனுமதி உண்டு, அதனால் மாமனார் வழக்குப் போட முடியாது.

பாண்காரன்93:

மில்லுக்காரர் சொன்னது சரி. நான் மால்ட் கதையை வேண்டுமென்றே விட்டேன், முதல் முறை செய்கிறவர் குழம்பிவிடுவார் என்று. குளிரில் வைத்தாலே நிறம் வரும்.

அடுப்புக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் இரண்டு குறை. ஒன்று, கதவைத் திறந்ததும் சூடு ஓடிவிடும். மற்றது, ஆவி நிற்காது. முதலாவதுக்கு இரும்புத் தோசைக்கல்லை, கைப்பிடி இல்லாததாக, உள்ளே கம்பித்தட்டில் வைத்து 250இல் முக்கால் மணித்தியாலம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் கல் வேண்டாம், அந்தச் சூட்டை அதன் பூச்சு தாங்காது. அந்தக் கல் பிடித்து வைக்கிற சூடுதான் பாணை அடியிலிருந்து மேலே தூக்கிவிடும்.

ஆவி எதற்கு என்றால், முதல் பத்து நிமிடம் மேற்தோல் காயாமல் ஈரமாக இருந்தால்தான் பாண் விரிய முடியும். தோல் முந்திக் காய்ந்தால் உள்ளே எழும்புகிற மா அடைபட்டு நெருக்கமாகிவிடும், மினுமினுப்பும் வராது. கிண்ணத்துத் தண்ணீர் கொதிக்கிறதுக்குள்ளேயே அந்தப் பத்து நிமிடம் போய்விடும். சூடான பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றுகிற விளையாட்டும் வேண்டாம், கண்ணாடியில் பட்டால் வெடிக்கும், கீழே மின்கம்பி வேறு. ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றை, ரசம் வைக்கிற குண்டானானாலும் சரி, உள்பக்கம் தண்ணீர் தெளித்து, பாணின் மேலே கவிழ்த்துவிடுங்கள். பாணில் இருந்து வருகிற ஈரமே அதுக்குள்ளே ஆவியாக நிற்கும். பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கவிழ்த்ததை எடுத்துவிட்டு இன்னும் ஒரு பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். தடித்த கைத்துணி கட்டாயம், என் முழங்கையில் இருக்கிற கோடுகளைப் படம் எடுத்துப் போட்டால் நீங்கள் அடுப்பையே மூட மாட்டீர்கள்.

நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். நம்மவர்கள் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். பொன்னிறம் என்பது பாதி வழி. நல்லா வறுத்த காப்பிக்கொட்டைக்கு ஒரு படி முந்தின நிறம் வரட்டும். எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்தால் படபட என்று சத்தம் கேட்கும், இங்கே பாண் பாடுகிறது என்பார்கள். உள்ளே சுருங்க, வெளித்தோல் வெடிக்கிற சத்தம் அது. கேட்டால் வென்றுவிட்டீர்கள்.

கீறுவதற்குச் சவர பிளேடு புதிதாக ஒன்று. நேர்குத்தாக வெட்டாமல் படுக்கவைத்து, தோலை உரிக்கிற மாதிரி, நீளவாக்கில் மூன்று கீறல், ஒன்றின் வால் அடுத்ததன் தலையோடு கொஞ்சம் சேர்ந்து போக வேண்டும். யோசித்து யோசித்துக் கீறினால் பிளேடு மாவை இழுக்கும். ஒரே வீச்சு.

பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ மா, எட்டுப் பாண். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிரிட்ஜுக்குள் போகிற மாதிரிக் குழையுங்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு முதல் நாலை மட்டும் வெளியே எடுங்கள், மற்றது உள்ளேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால் கடைசி இரண்டும் உங்கள் பழைய கதைதான். ஒரு முறைக்கு இரண்டு, நடுவில் கல்லைத் திரும்பக் காயவிட பத்து நிமிடம், பதினொன்றரைக்குள் முடியும். சாப்பிட முந்தி 200இல் ஐந்து நிமிடம் வைத்தால் தோல் திரும்ப மொறுமொறுக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டீர்களோ, அவ்வளவுதான், பன்.

இன்னுமொன்று, உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கோ. பாரிஸ் நகரசபை வருடா வருடம் சிறந்த பகெத்துக்குப் போட்டி வைக்கும். 2023இல் அதில் முதலாவதாக வந்தவர் தர்ஷன் செல்வராஜா, நம்மட ஆள், இலங்கைத் தமிழர். வெல்கிறவர் ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்க வேண்டும், ஆக எலிசே மாளிகையில் ஒரு வருடம் தமிழன் சுட்ட பாண்தான். யுனெஸ்கோ பகெத்தைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு எங்கள் கடையில் முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ நான்தான் வென்ற மாதிரி. சம்பளம் கூட்டவில்லை.

முத்தியால்பேட்டை:

அதைச் சொல்லாதீர்கள் தம்பி, கேட்டால் சொல்தா மாமா இன்னும் இரண்டு மடங்கு எதிர்பார்ப்பார்.

உறையூர் மருமகள்:

முடிந்தது. ஞாயிறு ராத்திரி பத்தரை மணி, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறது, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

எட்டில் ஆறு நன்றாக வந்தது. நடுவில் புதன்கிழமை ஒரு ஒத்திகை பார்த்துக்கொண்டதால்தான் இவ்வளவாவது. அன்றைக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைந்ததில் கை மரத்துப் போனது, அதனால் சனிக்கிழமை மைதாவையே பிரிட்ஜில் வைத்துவிட்டேன். மகன் கணக்குப் போட்டு 26 என்றான், பானைத் தண்ணீர் 27 இருந்தது, ஒரு டிகிரிக்கு விடமாட்டேன் என்று ஒரு ஐஸ் கட்டி போட்டான். காலையில் பிரிட்ஜைத் திறந்தால் மாவின் மேலே பெரிய பெரிய கொப்புளம், தட்டினால் தளதளவென்று ஆடியது, கள்ளு வாசனை இல்லை, இளசான தயிர் மாதிரி ஒரு மணம்.

வேட்டிக்கு ஒரு பஞ்சாயத்து. வீட்டுக்காரரின் பழைய வேட்டி என்று எடுத்து அரிசி மாவு தேய்த்துவிட்டேன், பார்த்தால் அது மாமனாருடையது. அவரே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, துணியைச் சுருக்கி வரப்புத் தூக்கிவிட்டது போதாது என்று தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போனார். எங்கே பார்த்தாரோ தெரியவில்லை, கேட்டால் சிரிக்கிறார்.

முதல் ஜோடி வெளியே வந்ததும் நானும் மகனும் காதைக் கிட்டே கொண்டுபோனோம். படபடவென்று, மழை ஓய்ந்தபின் ஓட்டில் சொட்டுகிற மாதிரி, நின்று நின்று. அதைக் கேட்க நாத்தனாரைக் கூப்பிட்டேன், அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள், கடைசியில் சமையலறையில் ஏழு பேர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றோம்.

சாப்பாட்டு மேசையில் நான் கத்தியை எடுத்தேன். மாமா வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, முனையைப் பிய்த்தார். பிய்த்ததில் சட்டை முழுக்க உதிர்ந்தது. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிடுவாரோ என்று நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், மனிதர் ஒன்றுமே சொல்லவில்லை. குருமாவில் முக்கித் தின்றுவிட்டு, அடுத்ததின் முனையையும் பிய்த்தார். பிள்ளைகள் முனை எனக்கு எனக்கு என்று சண்டை. எட்டு பிரெட்டுக்குப் பதினாறு முனை, அவர் மட்டும் ஐந்து.

ஓட்டை, பாண்காரத் தம்பி படத்தில் போடுகிற மாதிரிப் பெரிதாக இல்லை. ஆனால் இருந்தது. @முத்தியால்பேட்டை, குருமாவைத் தண்ணியாக வைக்கச் சொன்னது நல்ல யோசனை.

இனி அந்த இரண்டு. ஒன்று கவிழ்த்த குண்டானில் ஒட்டி மேல்தோல் உரிந்துவிட்டது, அது என் அவசரம். இன்னொன்றில் கீறல் திறக்கவே இல்லை, பக்கவாட்டில் வெடித்துக்கொண்டது. பிளேடு மாவை இழுத்தது உண்மைதான், ஆறாவதுக்கு வரும்போது அதே பிளேடு. அதுதான் காரணமா?

பாண்காரன்93:

அதுவும்தான் அக்கா. ஒரு பிளேட்டுக்கு நாலு மூலை, ஒரு மூலைக்கு இரண்டு பாண் என்று வையுங்கோ, ஒவ்வொரு கீறலுக்கும் முந்தி தண்ணீரில் தோய்த்தால் இழுக்காது. ஆனால் பக்கவாட்டில் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உருட்டும்போது சேர்த்த விளிம்பு. அது நேர் அடியில் கல்லில் இருக்க வேண்டும், சாய்ந்து பக்கத்தில் வந்தால் மா பலவீனமான அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். பேக் பண்ண வைக்கும்போது விளிம்பு எங்கே என்று ஒருதரம் பாருங்கோ.

மிச்சம் ஏதும் இருந்தால் நாளைக்குக் காலமை பாலிலும் முட்டையிலும் ஊறப்போட்டு நெய்யில் பொரியுங்கள்.

உறையூர் மருமகள்:

உரிந்துபோன அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத் துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாராம், காலை காபிக்கு. இப்போதுதான் மகன் வந்து சொல்கிறான்.